சுவரில் ஒரு கறை

யாழ்ப்பாணத்தில் எங்கள் பழைய நாற்சார் வீட்டின் சாப்பாட்டறைச் சுவர், சுண்ணாம்புச் சாந்தினாலானது. அதன் அடியிலிருந்த எண்ணெய்க் கறை அழகில்லையென்று 2010 இல் நானே சீமெந்து பூசுவித்தேன். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சீமெந்தோ உள்ளே அடைத்துவிடும். உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாய் உதிர்ந்தது. இப்போது திருத்த வந்த மேசன் அதைக் கொத்தியெடுக்க, கறை மீண்டும் தெரிந்தது.

1995 ஒக்டோபர் 30 இல் ஊரே இடம்பெயரும்வரை, ஏழு பேர் அங்கே பாயிலிருந்து உண்டோம். உண்டபின் தலைசாய்த்த கறை அது. இன்று உண்பவர் இருவர்.

"இதை என்ன செய்யிறது, மாஸ்டர்?"

"சுண்ணாம்பே பூசுங்கோ; அந்த ஒரு முழத்தை மட்டும் விட்டிடுங்கோ" என்றேன்.