பாடநூலும் படக்கதையும்



பல்லாண்டுகளாக ஜப்பானிய மொழியைக் கற்பித்து வருபவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் வகுப்பைக் காண ஜப்பானிய முதியவர் ஒருவர் வந்திருந்தார். அவரை வரவேற்கும் பொறுப்பைக் கெட்டிக்கார மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். அவன் தடுமாறாமல் பேசினான். உச்சரிப்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் அப்பெரியவரை அவன் 'ஓமாயே' என்று விளித்துவிட்டான். பாட்டனார் வயதுள்ள விருந்தினரை நாம் 'ஏண்டா' என்று அழைப்பதற்கு ஒப்பானது அது. வந்தவர் சிரித்துவிட்டார், நான் சிரிக்கவில்லை. அச்சொல்லை எங்கே கற்றாய் என்றேன். 'மாங்காவில்' என்றான். மாங்கா என்பது நம் தோட்டத்து மாங்காய் அன்று, ஜப்பானியப் படக்கதை. இனி அதைத் தொடவே கூடாது என்று அன்றே தடை விதித்தேன். அத்தடை தவறென்று உணர எனக்குச் சில காலம் பிடித்தது.

முதலில் பாடநூல்களைப் பார்ப்போம். அயல்நாட்டாருக்கென எழுதப்பட்ட ஜப்பானியப் பாடநூல்களில் ஃபூஜி மலையும், செர்ரி மலரும், தேநீர்ச் சடங்கும், கபுக்கி நாடகமும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. 1998-ஆம் ஆண்டு வெளிவந்து, இன்று உலகெங்கும் பயிலப்படும் 'மின்னா நோ நிஹோங்கோ' என்னும் நூலில் மில்லர் என்றொருவர் வருகிறார். அவர் ஓர் அலுவலகப் பணியாளர். எவரிடமும் பணிவாகவே பேசுவார். பெரும்பாலான வாக்கியங்கள் 'தெஸ்' என்றோ 'மஸ்' என்றோ மரியாதையாக முடியும். இதற்கு நியாயம் உண்டு. புதிதாக வருபவன் முதலில் பேசப்போவது அறிமுகமில்லாதவர்களிடந்தானே? பணிவு மிகுந்தால் கேடில்லை. குறைந்தால் என்ன ஆகும் என்பதை என் மாணவன் காட்டிவிட்டான்.

ஆயினும் நெருங்கிய நண்பர் இருவர் அப்படிப் பேசிக்கொள்வதில்லை. நம் செந்தமிழ்க் கட்டுரையை மட்டும் படித்துவிட்டுச் சந்தைக்குள் நுழைந்தவன் நிலையில்தான் நானும் முதன்முறை டோக்கியோவில் இறங்கினேன். இரயிலில் பள்ளிச் சிறுவர்கள் தங்களுக்குள் பேசியது ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை.

மக்கள் கலையைப் பாடநூலார் அடியோடு ஒதுக்கிவிட்டனர் என்று சொல்ல இயலாது. 1999-இல் வெளிவந்த 'கெங்கி' வரிசையின் இரண்டாம் தொகுதியில், 16-ஆம் பாடத்தின் வாசிப்புப் பகுதி 'டோரேமோன்' என்னும் படக்கதையைப் பற்றியது. 1969-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கதை அது. 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இயந்திரப் பூனை, நோபித்தா என்னும் மந்தமான சிறுவனுக்குத் துணை நிற்கிறது. அக்கதையில் ஒரு ரொட்டி உண்டு. பாடத்தின்மேல் அதனை ஒற்றியெடுத்துத் தின்றால் அத்தனையும் மனப்பாடம் ஆகிவிடும். தேர்வுக்கு முன்னிரவில் இதைக் கேட்கும் உங்களுள் எத்தனை பேருக்கு நாவூறுகிறதோ, நான் அறியேன்!

நிற்க. அப்பாடம் படக்கதையைப் பற்றி விவரிக்கிறதே அன்றி, படக்கதையாகவே பேசவில்லை. மக்கள் கலை, அருங்காட்சியகத்துப் பொருளைப்போலக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. இதற்காக நூலாசிரியரை நான் கடிந்துகொள்ள மாட்டேன். ஒரு பாடநூல் இருபது ஆண்டுகள் வாழும். ஒரு பாடகரின் புகழ் சில வேளை இரண்டாண்டுகள்கூட நிலைப்பதில்லை.

மறுபுறம், படக்கதையின் மொழியும் வீதியின் மொழி அன்று. இதைத்தான் நானும் என் மாணவனும் ஒருசேரத் தவறவிட்டோம். சண்டைக் கதைகளில் எதிரியை 'கிசமா' என்று ஏசுவார்கள். 'கி' என்பது மேன்மை. 'சமா' என்பது மரியாதை விகுதி. ஒரு காலத்தில் கடிதங்களில் உயர்ந்தோரை விளித்த சொல், தேய்ந்து தேய்ந்து வசையாகிவிட்டது! 'ஓமாயே' என்னும் சொல்லும் முன்பு மதிப்புடையதாகவே இருந்தது. கின்சுய் சத்தோஷி என்னும் மொழியறிஞர் இத்தகைய கதைமொழிக்குப் 'பாத்திர மொழி' என்று பொருள்படும் பெயரை வழங்கினார். தெசுகா ஒசாமு 1952-இல் தொடங்கிய 'அத்தோம்' கதையில் ஒச்சானொமிசு என்னும் விஞ்ஞானி வருகிறார். 'நான்' என்பதற்கு அவர் 'வாஷி' என்பார். வாக்கியத்தை 'ஜா' என்று முடிப்பார். மெய்யான டோக்கியோப் பேராசிரியர் எவரும் அவ்வாறு பேசுவதில்லை. ஆனால் அவ்விரு சொற்களைக் கேட்ட மாத்திரத்தில், வெண்தாடிக் கிழவர் ஒருவர் ஜப்பானியர் மனக்கண்முன் வந்து நிற்பார்.

ஜப்பான் அறக்கட்டளை இவ்வுண்மையை உணர்ந்தே, 2010-இல் படக்கதை மொழிக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. சிறுவன், சாமுராய், முதியவர், ஒசாக்காக்காரர் என்று பாத்திரவாரியாகப் பேச்சு வகைகளை அது பிரித்துக் காட்டியது.

அதன்பின் என் தடையை நீக்கினேன். வாரம் ஒருநாள், பாடநூலுக்கு அருகில் படக்கதையின் ஒரு பக்கத்தையும் வைக்கிறோம். வலமிருந்து இடமாகக் கட்டங்களைப் படித்துக்கொண்டே, 'யார், யாரிடம், எந்த உறவில் பேசுகிறார்?' என்று ஓரத்தில் எழுதுவது மாணவர் வேலை. அம்மாணவன் ஒருநாள், ஒரு கிழவரின் பேச்சைச் சுட்டி, "ஐயா, அன்று வந்த பெரியவர் ஒரு முறைகூட 'வாஷி' என்று சொல்லவில்லையே!" என்றான். அவ்வளவு நேரம் அவன் அவர் பேச்சைக் கூர்ந்து கேட்டிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.