களிமண் மந்தை
(ஆதரவாளர் கூடுகையில் பகிர்ந்துகொண்டது)



தென்சூடான் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் அனுப்ப வேண்டும் என்று சென்ற கூடுகையில் ஒரு சகோதரி கேட்டுக்கொண்டார்கள். "பாவம், ஒரு பொம்மைகூட இருக்காதே" என்று நாங்களும் தலையசைத்தோம். அது எங்கள் அறியாமை என்று இன்று அறிக்கையிடுகிறோம்.

அங்கே வெள்ளை நைல் நதியின் இருபுறமும் வாழும் டிங்கா மக்களுக்கு மாடே ஆஸ்தி. பெண் எடுக்கப் பரிசம் மாடுதான். மழையற்ற மாதங்களில் வாலிபரும் சிறுவரும் மந்தையை ஆற்றோரப் புல்வெளிகளுக்கு ஓட்டிப்போய்ப் பட்டி போட்டுத் தங்குவார்கள். கொசுவை விரட்டச் சாணிப்புகை மூட்டுவார்கள்.

அந்த மண்ணைப் பிசைந்துதான் பிள்ளைகள் மாடு செய்கிறார்கள். சூளை கிடையாது, வெயில்தான். உற்றுப் பார்த்தால் திமிலும் கொம்பும் உடம்புக்கு மிஞ்சிப் பெரிதாயிருக்கும். கைத்தவறு என்று நினைத்துவிடாதீர்கள்! பெரியவர்கள் எருதில் எதைப் பார்த்து மகிழ்கிறார்களோ, அதையே பிள்ளை பெரிதாக்குகிறான். மாட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் டிங்கா மொழியில் எத்தனையோ பெயர்கள் உண்டு. வெள்ளை எருது மபியோர். கருப்பும் வெள்ளையும் கலந்தது மஜோக். இவை மனிதருக்கும் பெயர்கள். விடுதலைப் போராட்டத் தலைவர் ஜான் கராங்கின் முழுப்பெயரிலும் மபியோர் உண்டு. வாலிபப் பருவத்தை எட்டும் மகனுக்கு ஓர் எருது கொடுக்கப்படும். அதைப் பாடுவான், அதன் பெயரால் அழைக்கப்படுவான். அந்த நாள் வரும்வரை மண் எருதுதான் அவனுடையது.

1983 முதல் 2005 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கிராமங்கள் தாக்கப்பட்டபோது, மாடு மேய்க்கப் போயிருந்ததாலேயே உயிர்தப்பிய சிறுவர்கள் அநேகர். பெற்றோரைக் காணாமல் எத்தியோப்பியாவுக்கு நடந்தார்கள். 1991-இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டு, 1992-இல் கென்யாவின் காக்குமா முகாமை அடைந்தார்கள். மந்தை போயிற்று, வீடு போயிற்று. முகாமிலும் உட்கார்ந்து மண்ணில் மாடு செய்தார்கள். போர்க்காலத்துப் பிள்ளைகள் மண்ணில் துப்பாக்கியும் செய்தார்கள். அதையும் மறைக்க மாட்டோம்.

இப்போது உங்களிடம் ஒரு விண்ணப்பம். பொம்மைகளுக்கென்று நீங்கள் மனமுவந்து கொடுத்த காணிக்கை அப்படியே இருக்கிறது. அந்தச் சதுப்பு நாட்டில் மலேரியாவினால் மாண்டுபோகும் குழந்தைகள் இன்றும் அநேகர். அந்தப் பணத்தைக் கொசுவலைகளுக்குச் செலவிடலாமா? பிளாஸ்டிக் கார்கள் வாங்கிவிட்டவர்கள் அவற்றை நம் குழந்தைகள் வார்டுக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.