மன்னிப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகள்

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் வலை பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தங்கச்சிமடம் மீனவர்கள் வழக்கு நன்றாகவே தெரியும். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

2011 நவம்பர் 28. கடலுக்குப் போன தங்கச்சிமடம் பகுதி மீனவர்கள் ஐந்து பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. எல்லை தாண்டிய வழக்காக இருந்திருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ வீடு திரும்பியிருப்பார்கள். ஆனால் அவர்கள் மேல் விழுந்தது ஹெராயின் கடத்தல் வழக்கு. நாங்கள் மீன் பிடிக்கத்தான் போனோம் என்று ஐவரும் கடைசிவரை சொன்னார்கள். 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் அவர்களுக்கும் இலங்கையர் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. அன்றைக்குத் தங்கச்சிமடம் கொந்தளித்ததை நாடே பார்த்தது. பேருந்து எரிந்தது, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள்.

அதற்குப் பிறகு அரசு இயந்திரம் ஓடிய வேகத்தைப் பாருங்கள். இந்தியத் தூதரகம் மேல்முறையீடு செய்தது. தமிழக அரசு வழக்குச் செலவுக்குப் பணம் கொடுத்தது. பிரதமர் மோடி, இலங்கை அதிபர் ராஜபக்சவிடம் தொலைபேசியில் பேசினார். அதிபரின் மன்னிப்புக்கு வழிவிட மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றார்கள். மன்னிப்பு கிடைத்து, நவம்பர் 19 அன்று ஐவரும் வெளியே வந்துவிட்டார்கள். தீர்ப்பு வந்து மூன்றே வாரம்!

எனக்கு அந்த மூன்று வாரத்தைவிட அதற்கு முந்தைய மூன்று வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. மன்னிப்பு உயிரைக் காப்பாற்றியது, சந்தேகமே இல்லை. ஆனால் இவர்கள் நிரபராதிகளா என்பதை மேல் நீதிமன்றம் விசாரிக்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்க வேண்டிய காலம், கைதான முதல் நாளிலிருந்து தொடங்குகிறது.

தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. வெளிநாட்டுக்காரரைப் பிடித்தால், அவர் கேட்கும் பட்சத்தில், தாமதமில்லாமல் அவருடைய தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரிகள் சிறையில் போய்ப் பார்க்கலாம், வக்கீல் வைக்க ஏற்பாடு செய்யலாம். குல்பூஷண் ஜாதவ் என்ற இந்தியரின் வழக்கில் பாகிஸ்தான் இதை மீறியது என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கும். நமக்கு யாழ்ப்பாணத்திலேயே 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஏழைக் கைதிகளின் சட்ட உதவிக்கு இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது.

இந்த உதவியெல்லாம் விரைவாகக் கிடைக்க, கரையிலிருந்தும் ஒரு மனு போக வேண்டும். மீனவக் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. இலங்கைச் சிறையில் இருந்த கணவருக்காகப் பாம்பன் பெண் ஒருவர் பிளாஸ்டிக் பையில் ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "அக்கா, அவுகளுக்கு பிரஷர் இருக்கு. மாத்திரை குடுப்பாகளான்னு முதல்ல கேட்டு எழுதுங்க" என்றார். விடுதலை செய்யச் சொல்லி எழுதும் வரியைக் கீழே தள்ளிவிட்டு, மாத்திரையின் பெயரை முதல் வரியில் எழுதினேன். தூதரக அதிகாரி சிறைக்குப் போனபோது அதை விசாரித்தார் என்று பின்னால் தகவல் வந்தது. அந்தப் பெண் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாராம்.

இன்னொரு வீட்டில் ஆதாரில் ஒரு பெயர், மீனவர் அட்டையில் ஒரு பெயர். இனிஷியல் வேறு மாறியிருந்தது. சிறைப் பட்டியலில் உள்ளவர் இவர்தான் என்று உறுதிப்படுத்தவே நாட்கள் போயின. தாய்மார்களே, தயவுசெய்து இன்றைக்கே அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படகின் பதிவுச் சான்று (ஆர்.சி.) நகலும் வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

மொழியும் ஒரு சுவர்தான். யாழ்ப்பாணம், மன்னார் நீதிமன்றங்களில் தமிழ் புழங்கும், நம் ஆட்களுக்குப் புரியும். வழக்கு கொழும்புக்குப் போய்விட்டால் சிங்களம். அங்கே தன்மேல் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமலே நிற்பவர் எப்படி மறுத்துப் பேசுவார்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போதைப்பொருள் போன்ற கடும் வழக்கில் நம் மீனவர் சிக்கினால், முதல் வாரத்திலேயே அரசு செலவில் ஒரு வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஊர் கொந்தளிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சென்னையிலும் டெல்லியிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிகள் செய்வார்கள் என்று நம்புகிறேன்.