கூடாரத்தில் முதல் இரவு

குழந்தைகளை முதன்முறையாகக் கூடாரத்தில் தங்கவைக்க எண்ணும் நேயர்கள், முதலில் தாம் குடியேறிய ஊரின் இருட்டை அறிந்துகொள்வது நலம். போர்ட் பிளேர் என வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரின் டாலிகஞ்சில் நாம் கண்டதைச் சொல்வோம். இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. அந்தமானோ அதற்குப் பத்துப் பாகை கிழக்கே உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாக நாற்பது நிமிடம் முந்தியே இங்கே கதிரவன் மறைந்துவிடுகிறான். மழை ஓய்ந்த ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். குழந்தை உறங்குவதோ எட்டரைக்கு. இடைப்பட்ட மூன்று மணி நேர இருட்டுக்குத்தான் அதனைப் பழக்கவேண்டும்.

ஆகவே கடற்கரைக்குப் புறப்படுமுன் வீட்டு முற்றத்திலேயே ஓர் இரவு ஒத்திகை நடத்தினோம். தென்னையின் கீழ்க் கூடாரம் அடிப்பது ஆகாது. தேங்காய்க்கு நாள், நேரம் தெரியாது. கழிமுகங்களில் முதலை உண்டு என்பதால், பின்னர் முகாமிடும் இடத்தையும் கரையிலிருந்து விலக்கியே தேர்ந்தோம். மணல் ஈக்காக முழுக்கைச் சட்டை, பூரானுக்காகக் காலையில் செருப்பை உதறும் பழக்கம், குழந்தையின் கையிலேயே டார்ச் விளக்கு, வீட்டில் போர்த்தும் அதே பழைய போர்வை ஆகியவை போதும். கழிப்பறைக்குச் செல்லும் வழியை வெளிச்சத்தில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை நடத்திக் காட்டினோம்.

கடினமானது வேறு. சோறூட்டுவதற்காக நாமே பல ஆண்டுகள் வரவழைத்த பூச்சாண்டி, அன்றிரவு கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றான்! “அப்படி யாருமில்லை” என்று அதட்டிப் பயன் இல்லை. ஒவ்வோர் ஓசையும் எதனுடையது என்று கூடவே அமர்ந்து சொன்னோம்: இது தவளை, அது பழந்தின்னி வௌவால். பத்து மணிக்கு இளையவன் அழுதான். வீட்டுக்குள் தூக்கிச் சென்றோம். மறுநாள் எவரும் அதைச் சொல்லிக் கேலி செய்யலாகாது என்று மூத்தவளிடம் உறுதி வாங்கினோம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணக் கூடாரத்தில் வாழ்ந்த அண்டைவீட்டு அம்மையார், முதலில் எங்கள் கூடாரத்தைப் பார்க்கவே விரும்பவில்லை. விளையாட்டாக அங்கே படுப்பதாவது என்று அவர் எண்ணியிருக்கலாம், நாமும் வற்புறுத்தவில்லை. இரண்டாம் இரவு, இளையவன் மீண்டும் துணிந்து உள்ளே நுழைந்தபோது, அவர் வேலியோரம் வந்து நின்றார். “தலைமாட்டில் தண்ணீர் வைத்தீர்களா? மழை வந்தால் நீர் ஓடச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினீர்களா?” என்று கேட்டார். வெட்டவில்லை. மண்வெட்டியை அவரே கொண்டுவந்து தந்தார்.