பெயர் அறியாப் பச்சிலைகள்

(பல்லேபொலயில் நடைபெற்ற சங்க ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெயர் தெரியாத செடிகொடிகளை இனங்காணும் வழிபற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். பார்வைக்கு இது சிறு பொருள். ஆயினும் நம்மூரில் வாழ்வோர்க்கு இது அடுப்படியையும் வைத்தியத்தையும் தொட்ட பொருளாகும்.

செடிகளுக்குப் பெயர் சூட்டுவதில் தமிழர் பின்தங்கியவரல்லர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகின்றது. அவற்றுட் சில எந்தச் செடியின் மலர்கள் என்பதில் இன்று அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பெயர் ஏட்டில் நின்றது. செடியைச் சுட்டிக்காட்டிய விரல் மறைந்துபோயிற்று. நம் பாட்டிமார் அறிந்த பச்சிலைகளுக்கும் இக்கதி நேரக்கூடாதன்றோ?

ஒரு செடிக்குப் பல பெயர் வழங்குவதும் இடர் தருவதே. காமாலைக்குப் பெரியோர் சொல்லும் கீழ்க்காய்நெல்லியைத் தமிழ்நாட்டார் கீழாநெல்லி என்பர். சிங்களச் சகோதரர் பிட்டவக்கா என்பர். அதே இனத்தில் அதனைப் போலவே தோன்றும் வேறு பூண்டுகளும் உள. ஒன்றின் காய் வழுவழுப்பாகச் சிறு காம்பில் தொங்கும். மற்றொன்றின் காய் சொரசொரப்பாகக் காம்பின்றி ஒட்டியிருக்கும். மஞ்சட் கரிசலாங்கண்ணியின் கதையும் இத்தகையதே. வெப்ப அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்த ஒரு படர்கொடி, அதே மஞ்சட் பூவுடன் இன்று வேலியோரங்களிற் பரவிவிட்டது. அதன் இலை பெரும்பாலும் மூன்று மடலாக இருக்கும். இவ்வேற்றுமையை அறியாதார் மருந்தென்று வேறொன்றைப் பறிப்பர்.

கார்த்திகைப் பூவின் கிழங்கையோ நாம் அஞ்சவே வேண்டும். கலப்பைபோற் கவைத்திருப்பதால் அதனைக் கலப்பைக் கிழங்கென்றும் அழைப்பர். அதில் கொல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. உண்ணத்தகும் கிழங்கென்று பிழையாக எண்ணிச் சமைத்துண்டு உயிரிழந்தோர் நம் நாட்டிலேயே உளர்.

ஆகவே, அறியாத செடியைக் கண்டால் யாரைக் கேட்பது? தனியொருவர் எல்லாம் அறிந்திருத்தல் அரிது. 1672ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பெனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன், செடிகளை உலர்த்திச் சேர்த்தபொழுது இந்நாட்டார் வழங்கிய பெயர்களையும் குறித்துக்கொண்டார். அத்தொகுப்பு பின்னாளில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் கைக்குச் சென்றது. அதனைக்கொண்டு அவர் 1747இல் இலங்கைத் தாவரங்கள்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஐயத்துக்குரியவற்றை அவர் தனியே பிரித்துவைத்தார். தாவரங்களுக்கு இருசொற் பெயர்முறையை நிலைநாட்டிய அப்பேரறிஞரே தெரியாததைத் தெரிந்ததென்று சொல்லவில்லை என்பது நாம் கற்கத்தக்க பண்பாகும்.

அன்று பல ஆண்டுகள் கடல்கடந்து நடந்த அவ்விசாரணை இன்று கைத்தொலைபேசியில் நடைபெறுகின்றது. 2007ஆம் ஆண்டில் இந்தியாவில் ஜே. எம். கார்க் என்பவர் மரங்களின் படங்களைப் பகிர்ந்து பெயர் கேட்கும் இணையக் குழு ஒன்றைத் தொடங்கினார். அது வளர்ந்து 'ஈஃபுளோரா ஆஃப் இந்தியா' எனப் பெயர் பெற்றது. பேராசிரியரும் பொழுதுபோக்காகச் செடி பார்ப்போரும் அங்கே ஒரே பாயில் அமர்ந்தவர்போல் உரையாடுகின்றனர். 2008இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் தொடங்கிய 'ஐநேச்சுரலிஸ்ட்' உலகெங்கும் பரவியுள்ளது. அங்கு படத்துடன் இடமும் நாளும் தரவேண்டும். பெயர் சொல்வோரில் மூன்றில் இரு பங்கிற்கு மேற்பட்டோர் உடன்பட்டால் அப்பதிவு ஆய்வுத் தரம் பெறும்.

இனங்காணுதலால் ஒரு மரத்தின் உயிரே தப்பியதுண்டு. 2012ஆம் ஆண்டுச் செந்நூலில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட 'குருடியா சிலானிக்கா' என்னும் மரம் 2019இல் கம்பஹாவின் தரலுவப் பகுதியில் இனங்காணப்பட்டது. 2021இல் வீதி அமைப்புக்காக அதனை வெட்டும் நிலை வந்தபொழுது மக்கள் எதிர்த்துக் குரலெழுப்பினர். பெயர் தெரியாத மரமாக நின்றிருப்பின் அதற்காக யார் வாய்திறந்திருப்பர்?

கேட்போர்க்கும் ஒழுங்கு வேண்டும். பூவை மட்டும் படமெடுத்தல் போதாது. முழுச் செடி, இலையின் இருபுறம், தண்டில் இலைகள் எதிரெதிராக உள்ளனவா மாறிமாறி உள்ளனவா என்பது, காய், பட்டை ஆகிய யாவும் தேவை. பலர் சொன்னதனால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது. எந்த அடையாளத்தைக்கொண்டு சொன்னீர் என்று பணிவோடு வினவுதல் வேண்டும். பொறி தானே சொல்லும் பெயரை ஊகமாகவே கொள்க. படத்தை நம்பி எதனையும் வாயிலிடற்க. ஐயம் நீங்காவிடின் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகம் இருக்கின்றது. அரிய செடி கண்டால் அது நிற்கும் இடத்தை ஊரறியப் பறைசாற்றுதலும் தகாது. பிடுங்கிச் செல்வோர் உளர்.

இணையத்தார் தரக்கூடியது பெரும்பாலும் இலத்தீன் பெயரே. அப்பூண்டை நம்மூர்த் தோட்டத்து மூதாட்டி எப்பெயரால் அழைத்தார், எதற்குப் பயன்படுத்தினார் என்பதை அவர்கள் அறியார். மிஷன் பாடசாலைகள் நமக்கு இலத்தீன் பெயர்களைப் படிக்கக் கற்பித்தன. வீட்டுப் பெரியோர் தமிழ்ப் பெயர்களைத் தந்தனர். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதும் வாய்ப்பு நம் தலைமுறைக்குரியது.

நம் மாத்தளையின் அலுவிகாரையில், வாய்மொழியாக வந்த பௌத்த மறைகள் அழிந்துபடுமோ என அஞ்சிய துறவிகள் கூடி அவற்றை ஏட்டில் எழுதினர் என்பது வரலாறு. அம்மண்ணில் வாழும் நாம் ஒரு சிறு முயற்சியேனும் செய்யலாகாதா? சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு செடியைத் தெரிந்து, தமிழ், சிங்களப் பெயர்களையும், பெரியோர் கூற்றையும், கண்ட இடத்தையும் நாளையும், இனங்கண்டோர் காட்டிய அடையாளத்தையும் எழுதிவைப்போமாக. பத்துப்பேர் எழுதினால் ஓராண்டில் நூற்றிருபது செடிகளாகும்.

பெரியோர்களே, தங்களிடம் ஒரு விண்ணப்பம்: பிள்ளைகள் இலையொன்றைக் கொண்டுவந்து "இது என்ன?" என்று கேட்டால் சலியாது சொல்லுங்கள். தெரியாவிடின், "தெரியாது, கேட்டறிவோம்" என்று சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.