பிள்ளை இல்லாத முதியவர் யாருடைய பொறுப்பு?



கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே, அன்புக்குரிய இளைஞர்களே! பெற்றோரைப் பேணுவது பற்றி நீங்கள் எத்தனையோ பயான்களைக் கேட்டிருப்பீர்கள். நானும் அவ்வாறு பலமுறை பேசியவன்தான். இன்று அதனையே திரும்பவும் சொல்வதற்காக உங்கள் முன் வரவில்லை. அந்தப் பயான்களுக்குள் நாம் இதுவரை சேர்த்துக்கொள்ளாத ஒருவரைப் பற்றிச் சொல்லவே விரும்புகிறேன். அவர் முதியவர். ஆனால், அவரைப் பேணுவதற்குப் பிள்ளை இல்லாதவர்.

ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டமாவடியில் குத்பாப் பிரசங்கத்தை முடித்துக்கொண்டு ஏறாவூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சித்தாண்டியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. இந்தப் பாதையால் பயணம் செய்வோருக்குச் சித்தாண்டியைத் தெரியும். கிரானுக்கும் வந்தாறுமூலைக்கும் இடையில், முருகன் கோவிலாலும் வயல்வெளிகளாலும் பெயர்பெற்ற ஊர். வீதியோரத்து மர நிழலில் ஒதுங்கி நின்ற என்னிடம் ஒரு வயோதிபத் தாய் வந்தார். என் தொப்பியைக் கண்டு, இவர் எழுத வாசிக்கத் தெரிந்தவர் என்று எண்ணினார் போலும். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். "மகன், இதைக் கொஞ்சம் நிரப்பித் தருவீங்களா? எனக்குக் கண் சரியாத் தெரியாது" என்றார்.

பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதியாயிற்று. வயது எழுபத்து நான்கு. கணவர் மௌத்தாகிவிட்டார். அடுத்த நிரலில் பிள்ளைகளின் விபரம் கேட்கப்பட்டிருந்தது. அந்தத் தாய் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ரெண்டு ஆம்பிளைப் பிள்ளைகள் மகன். தொண்ணூறாம் ஆண்டு கொண்டு போனவங்க. அவங்களையும் எழுதுறதா?" என்று கேட்டார்.

அன்புக்குரியவர்களே! எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதினால், உழைக்கக்கூடிய இரு ஆண்மக்கள் இருக்கிறார்களே என்று எவரேனும் எண்ணக்கூடும். எழுதாவிட்டால், அந்தத் தாய் தன் வாயாலேயே அவர்களை இல்லையென்று ஆக்கிவிடுகிறார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் சொல்ல மறுத்து வந்த ஒரு சொல்லை ஒரு படிவம் அவரிடம் கேட்கிறது.

1990 என்பது நான் பிறப்பதற்கு முந்திய ஆண்டு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டதையும், அதே மாதம் ஏறாவூரில் நிகழ்ந்ததையும் எங்கள் மூத்தம்மாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களுள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு, திரும்பி வரவே இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டு வளர்ந்தோம்? அந்த நாட்களில் மக்களை இழந்த தாய்மாரும் தந்தைமாரும் இரு சமூகத்திலும் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டி நிற்கிறார்கள். அவர்களுக்கு மகன் இல்லை, மகனுக்கு மனைவி இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. ஒரு தலைமுறையே இடையில் அறுந்துவிட்டது.

இந்நாட்டின் சட்டம் முதியோரைப் பற்றி என்ன சொல்கிறது? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க, முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் நல்லதொரு சட்டம் என்பதில் ஐயமில்லை. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர், பிள்ளையிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு கேட்டு முறையிடுவதற்கு ஒரு சபையையும் ஏற்படுத்தியிருக்கிறது. ஆனால், முறையிடுவதற்கு ஒரு பிள்ளை வேண்டுமே! எந்த மகனுக்கு எதிராக அந்தச் சித்தாண்டித் தாய் முறையிடுவார்? பிள்ளை இல்லாதவருக்கு அரசாங்கத்தின் பணப்பெட்டிதான் பிள்ளையாக நிற்க வேண்டும். அந்தப் பெட்டியைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

அதே சட்டத்தின்படி அறுபது வயதை அடைந்தவர் முதியவர். முதியோர் அடையாள அட்டையும் அந்த வயதிலிருந்தே கிடைக்கும். வறிய முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவோ எழுபது வயது கடந்தவர்களுக்கே உரியது. இடையில் பத்து ஆண்டுகள். வயலிலும் வாவியிலும் உழைத்த உடல் அறுபதிலேயே ஓய்ந்துவிடுகிறது என்பதை உங்கள் வாப்பாவைப் பார்த்தாலே விளங்கும்.

இந்தக் கொடுப்பனவு 2012 இல் மாதம் 1000 ரூபாவாகத் தொடங்கி, பின்னர் 2000 ரூபாவாயிற்று. 2022 இல் நாடு வங்குரோத்து நிலையடைந்து, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வரை ஏறியபோதும் அதன் அடிப்படைத் தொகை 2000 ரூபாவாகவே இருந்தது. 2024 இல் 3000 ரூபாவாகவும், 2025 இல் 5000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. உயர்த்தியதை மறைத்துப் பேசுவது நீதியல்ல. நன்றியோடு சொல்ல வேண்டிய விடயம். ஆயினும் கணக்கைப் பாருங்கள். 5000 ரூபாவை முப்பது நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 166 ரூபா. 2024 டிசம்பரில் ஒரு கிலோ நாட்டரிசிக்கு அரசாங்கமே விதித்த உச்ச விலை 230 ரூபா. ஒரு கிலோ அரிசிக்கே போதாத இந்தத் தொகைக்குள்தான் கறியும், மண்ணெண்ணெயும், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போய்வரும் செலவும் அடங்க வேண்டும். வைத்தியம் இலவசம், உண்மைதான். ஆனால், சித்தாண்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரம் இலவசமல்ல. முழங்கால் மடக்க முடியாதவரால் பஸ்ஸில் ஏற முடியாது. முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். ஆகவே, அவர் கிளினிக்குக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்.

விவசாயிகளின் ஓய்வூதியத்தை நினைத்துப் பாருங்கள். 1987 இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. எங்கள் பிரதேசத்து வேளாண்மைக்காரர்களும் நம்பிக்கையோடு பணம் கட்டினார்கள். நிதியத்தில் சேர்ந்த பணத்தைவிடக் கொடுக்க வேண்டிய பணம் கூடிவிட்டது. 2012 அளவில் கொடுப்பனவு நின்றுபோய், 2014 இல்தான் மீண்டும் ஆரம்பமானது. வாலிபத்தில் இரண்டு வருடச் சம்பளம் தடைப்பட்டால் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். எழுபது வயதில் இரண்டு வருடம் என்பது மீதியிருக்கும் ஆயுளில் எவ்வளவு?

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபத்தைந்து வயது கடந்தோர் நூற்றுக்கு 7.9 பேர். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நூற்றுக்கு 12.6 பேர். நாடு விரைவாக நரைத்துக்கொண்டிருக்கிறது. நம்மைப் போலவே வறிய நாடான நேபாளம், 1995 இல் எழுபத்தைந்து வயதினருக்கு வெறும் 100 ரூபாவோடு முதியோர் கொடுப்பனவை ஆரம்பித்தது. பின்னர் வயதைக் குறைத்துத் தொகையைக் கூட்டி, 2021 இல் மாதம் 4000 நேபாள ரூபாவாக்கியது. நம்முடைய நாட்டில் வறியவரென்று நிரூபிக்க வேண்டும். அங்கு வயதை நிரூபித்தால் போதும். பிள்ளைகளின் விபரம் கேட்டு எந்தத் தாயையும் திகைக்க வைக்க வேண்டியதில்லை.

இப்போது என்னைப் பற்றிய ஒரு விடயம். முதியோர் இல்லங்களைக் கண்டித்து நான் மிம்பரில் நின்று பேசியிருக்கிறேன். அவை நம் சமூகத்துக்கு அவமானம், கியாமத்தின் அடையாளம் என்றெல்லாம் குரலை உயர்த்தியதுண்டு. அன்று அந்த மர நிழலில் அமர்ந்திருந்தபோது, என்னுடைய அந்தப் பேச்சு யாருக்குப் பயன்பட்டது என்று யோசித்தேன். பெற்றோரை விரட்டுகின்ற மகன் ஜும்ஆவுக்கு முந்தி வந்து அமர்ந்து பயான் கேட்பவனல்ல. 'நம்மவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள்' என்று நாம் பெருமையோடு சொல்லச் சொல்ல, முதியோருக்கென நிதி ஒதுக்க வேண்டியவர்களுக்கு அது வசதியாகப் போய்விடுகிறது. பார்த்துக்கொள்வது யார்? மகளும் மருமகளும். ஓர் உம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டி, இரவில் மூன்று முறை எழுந்து துணி மாற்றும் பெண்ணுக்குச் சம்பளம் இல்லை, ஓய்வு நாள் இல்லை. அவள் நோயுற்றால் மாற்றாள் இல்லை. அவளுடைய முதுகின் மீதுதான் இந்நாட்டின் முதியோர் பராமரிப்பு நிற்கிறது. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அவளுடைய உழைப்பு பதியப்படுவதில்லை. அந்த மகளும் குடும்பக் கஷ்டத்துக்காகக் குவைத்துக்கோ சவூதிக்கோ போய்விட்டால், முதிய உம்மா தன்னையும் பார்த்து, பேரப்பிள்ளைகளையும் பார்க்கிறாள்.

அல்-இஸ்ரா அத்தியாயத்தின் 23 ஆம் வசனத்தில், பெற்றோர் முதுமை அடைவதைக் கூறுமிடத்தில் 'இந்தக்க' என்றொரு சொல் வருகிறது. உன்னிடத்தில், உன் அருகில் என்பது அதன் பொருள். அரபுக் கல்லூரியில் இந்தச் சொல்லின் இலக்கணத்தை எங்களுக்குக் கற்பித்தார்கள். அதன் பாரத்தை நான் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன். சலிப்பின் ஒரு சிறு ஓசையைக்கூட அந்த வசனம் தடை செய்வது, முதுமையைப் பேணுவது சலிப்பூட்டும் கடின வேலை என்பதை அறிந்துதான். கத்தாரிலிருந்து பணம் அனுப்பும் தம்பியே, உன் பணம் பெரிய உதவி. ஆனால், உன் சகோதரி உன் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறாள் என்பதை மறந்துவிடாதே. அவளுக்கு உதவியாளர் ஒருவரை அமர்த்தக் காசு அனுப்பு.

இமாம் அபூ யூசுப் அவர்கள் தமது கிதாபுல் கராஜ் என்ற நூலில் கலீபா உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களைப் பற்றி ஒரு சம்பவத்தைப் பதிவு செய்துள்ளார்கள். வீட்டு வாசலொன்றில் பார்வையிழந்த ஒரு கிழவர் யாசகம் கேட்டு நின்றார். அவர் ஒரு யூதர். வரியும், தேவையும், வயதுமே தம்மை இந்நிலைக்குத் தள்ளியதாக அவர் சொன்னார். உமர் அவர்கள் அவரைக் கைப்பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, உள்ளதைக் கொடுத்தார்கள். நாமாக இருந்தால் அத்தோடு நின்றிருப்போம். தர்மம் செய்த திருப்தியும் கிடைத்திருக்கும். உமர் அவர்களோ பைத்துல்மால் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவர் போன்றோரையும் கவனிக்குமாறு பணித்தார்கள். வாலிபத்தில் ஒருவருடைய உழைப்பின் பயனை உண்டுவிட்டு, முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்பது அவர்கள் கருத்து. அந்த வரியிலிருந்தும் அவருக்கு விலக்களித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, 'இவர் போன்றோர்' என்று சொன்னது. ஒரு கிழவருக்கான இரக்கம் அந்த நேரத்திலேயே பொதுப் பணத்தின் கடமையாக மாறியது. அவருடைய மார்க்கம் எது என்பதும் அதற்குத் தடையாக இருக்கவில்லை. சித்தாண்டி வயலில் விளைந்த நெல்லை ஏறாவூரில் உண்ட நமக்கு, அந்த வயலில் நாற்று நட்டுக் களை பிடுங்கிய தாயின் முதுமையில் பங்கில்லையா?

ஆகவே, உங்களிடம் இரண்டு வகையாகப் பேசுகிறேன். பள்ளிவாசல் நிர்வாகிகளே, மினாராவுக்கு மின்விளக்குப் போட வசூலித்த உற்சாகத்தோடு, கிளினிக் நாட்களில் முதியோரை ஏற்றிச் செல்ல ஒரு வாகனத்துக்கு வசூலியுங்கள். சதகாப் பணத்தைப் பிற சமூகத்து வறியோருக்கும் கொடுக்கலாம் என்பது மார்க்கத்தில் உள்ளதுதான். ஆனால், நம்முடைய வசூல் அரசாங்கத்தின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. வாக்குக் கேட்டு வருகின்றவர்களிடம் வீதிக்குத் தாரும், மைதானத்துக்கு மண்ணும் கேட்கிறீர்கள். கொடுப்பனவுக்கான வயது ஏன் அறுபதல்ல என்று ஒருமுறையாவது கேளுங்கள். வீட்டுக்கு வந்து முதியோரைப் பராமரிக்கச் சம்பளம் பெறும் ஊழியர்கள் எங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள்.

அந்தப் படிவத்துக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். இரு மகன்மாரின் பெயர்களையும் அந்தத் தாய் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர்களுக்கு எதிரே, 1990 முதல் காணாமற்போனோர் என்று குறித்தேன். அதை வாசித்துக் காட்டியபோது, 'செத்தவங்க' என்று எழுதவில்லையே என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்று 2016 முதல் சட்டத்தில் உண்டு என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அதற்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமா என்று கேட்டார்.

இளைஞர்களே, உங்கள் ஒவ்வொருவரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. எழுத வாசிக்கத் தெரியும். எங்கள் மஹல்லாவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த இரண்டு பிள்ளைகள், சனிக்கிழமை காலைகளில் பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு மேசை போட்டு அமர்கிறார்கள். முதியோரின் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறார்கள். மறுக்கப்பட்டவர்களுக்கு மேன்முறையீடு எழுதுகிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் கூடவே போகிறார்கள். முதல் சனிக்கிழமை வந்தவர்கள் நான்கு பேர். இப்போது செங்கலடியிலிருந்தும் சித்தாண்டியிலிருந்தும் வருகிறார்கள். மேசை ஒன்று போதவில்லை. உங்கள் ஊரிலும் இதனை ஆரம்பிக்க விரும்புவோர், பேனை, நீல மை முத்திரைத் தட்டு, வாசிப்புக் கண்ணாடி இரண்டு ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் அடையாளம் இடுவோர் அதிகம்.