ரிங்கிட் கணக்கும் சோற்றுக் கணக்கும்
(செங்கற்பட்டுத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



நம் பாட்டன்மார் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். இன்று செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கரையிலும் நம் பிள்ளைகள் மலேசியாவுக்குப் பெட்டி கட்டுகிறார்கள். அங்கே 2025-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் வீதம் 34,000 ரூபாய். கேட்க இனிக்கிறது!

ஆனால் அரிசியும் வாடகையும் பஸ் கட்டணமும் ரிங்கிட்டில்தானே? அவற்றுக்கு 900 போகிறதென்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 800, அதாவது 16,000 ரூபாய். ஏஜெண்டுக்காக மூன்று வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சம் அதில் மாதம் 3,000-ஐ விழுங்கும். அசல் அப்படியே நிற்கும்!

சட்டப்படி ஏஜெண்டு 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் கட்டணம் வாங்கக் கூடாது. ரசீது கேட்போம். வரவை மட்டுமல்ல, செலவையும் கடனையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம். பிறகு பெட்டி கட்டுவோம்!